பேரேடும் துப்பாக்கியும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இயங்கிய ஓஷன் சாஃப்ட்வேர் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘தி அன்டச்சபிள்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு, பிரையன் டி பால்மா இயக்கி 1987-இல் திரைக்கு வந்த அதே பெயருள்ள ஹாலிவுட் படத்தைத் தழுவியது. மதுவிலக்குக் காலச் சிகாகோ, அந்நகரைத் தன் கைக்குள் வைத்திருந்த அல் கபோன் என்னும் தாதா, அவரை வீழ்த்தப் புறப்படும் எலியட் நெஸ் என்னும் இளம் அதிகாரி என்று படம் விரித்துக் காட்டிய உலகத்தை, இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்துக்குள் சுருக்கி வைத்த இவ்விளையாட்டு, அக்காலத்தில் கடைகளில் குவிந்த எத்தனையோ திரைப்பட விளையாட்டுகளில் ஒன்றுதான். ஆயினும், கேங்ஸ்டர் படம் என்னும் வகை விளையாட்டு என்னும் வடிவத்துக்குள் நுழையும்போது எதைக் கொண்டுவருகிறது, எதை வாசலிலேயே விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விளையாட்டின் முதல் கட்டம் பக்கவாட்டில் நகரும் திரையைக் கொண்டது. ‘சைடு ஸ்கிரோலிங்’ என்று துறையில் வழங்கும் இம்முறையில், பாத்திரம் பக்கத் தோற்றத்தில் காட்டப்படும். அது ஒரு திசையில் ஓடும்போது பின்னணி எதிர்த்திசையில் நகர்வதால், திரையின் அகலத்தைவிடப் பல மடங்கு நீண்ட ஓர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உணர்வு விளையாடுபவருக்கு உண்டாகும். 1981-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிஃபெண்டர்’ இம்முறையைப் பரவலாக்கிய தொடக்க கால விளையாட்டுகளில் ஒன்று என்றால், 1985-இல் வந்த நின்டென்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அதையே வீட்டு விளையாட்டின் இலக்கணமாக்கியது. ஓடு, தாவு, சுடு, எடு என்ற நான்கு வினைகளுக்குள் உலகத்தையே அடக்கிவிடும் இந்த இலக்கணம், பேச்சும் சூழ்ச்சியும் துரோகமும் நிறைந்த ஒரு திரைப்பட வகையை எதிர்கொண்ட இடம் என்பதாலேயே ‘தி அன்டச்சபிள்ஸ்’ கவனிக்கத் தக்கதாகிறது.

சிகாகோவில் நடந்தது

அமெரிக்க அரசியலமைப்பின் 18-ஆவது திருத்தம் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது மது தயாரிப்பும் விற்பனையும் நாடு முழுவதும் குற்றமாயின. 1933 டிசம்பரில் 21-ஆவது திருத்தம் அதை விலக்கும்வரை, குடிப்பவர்களின் தாகம் குறையாததால், அந்த வணிகம் அப்படியே குற்றக்கும்பல்களின் கைக்கு மாறியது. சிகாகோவில் அவ்வணிகத்தின் தலைவராக உயர்ந்தவர் 1899-இல் புரூக்ளினில் பிறந்த கபோன். மதுவிலக்குத் துறை அதிகாரியான நெஸ், விலைக்கு வாங்க முடியாதவர்கள் என்று தாம் நம்பிய சிலரைத் தேர்ந்தெடுத்துச் சிறு குழு ஒன்றை அமைத்து, கபோனின் ரகசிய மது ஆலைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். லஞ்சத்துக்கு மசியாதவர்கள் என்ற பொருளில் பத்திரிகைகள் அக்குழுவுக்குச் சூட்டிய பட்டமே பின்னர் புத்தகத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் திரைப்படத்துக்கும் தலைப்பாயிற்று.

ஆனால் கபோனைச் சிறைக்கு அனுப்பியது நெஸ்ஸின் கோடாரி அன்று. சட்டவிரோதமாக ஈட்டிய வருமானத்துக்கும் வரி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் சல்லிவன் வழக்கில் தீர்ப்பளித்ததை அடுத்து, கருவூலத் துறையின் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் வில்சன் என்னும் அதிகாரி, கபோனின் செலவுகளுக்குப் பின்னால் இருந்த வரவைத் தேடிப் பல மாதங்கள் காகிதங்களுக்கு நடுவே கழித்தார். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஒரு சூதாட்ட விடுதியில் முன்னர் கைப்பற்றப்பட்டு, பயனற்றதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பேரேடு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதன் கையெழுத்து யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேடியதில், லெஸ்லி ஷம்வே என்னும் கணக்குப்பிள்ளை மயாமியில் அகப்பட்டார். அவரது சாட்சியமே ஏட்டிலிருந்த எண்களைக் கபோனின் வருமானமாக நீதிமன்றத்தில் நிலைநிறுத்த உதவியது. மதுவிலக்கு மீறல்கள் தொடர்பாகவும் ஆயிரக்கணக்கான குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தும் அவை விசாரணைக்கு வரவேயில்லை. 1931 அக்டோபரில் வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டுச் சிறைத் தண்டனையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

நெஸ் ஆஸ்கர் ஃபிரேலியுடன் இணைந்து எழுதிய நூல் 1957-இல், நெஸ் இறந்த பிறகு வெளிவந்தது. 1959 முதல் 1963 வரை ராபர்ட் ஸ்டாக் நடித்த தொலைக்காட்சித் தொடர் நெஸ்ஸை நாடறிந்த நாயகனாக்கியது. டேவிட் மாமெட் திரைக்கதை எழுதிய 1987-ஆம் ஆண்டுப் படம், வரலாற்றைவிட இந்தப் புராணத்துக்கே விசுவாசமானது. கெவின் காஸ்ட்னர் நெஸ்ஸாகவும், ராபர்ட் டி நீரோ கபோனாகவும், ஷான் கானரி வயதான ரோந்துக் காவலர் மலோனாகவும், ஆண்டி கார்சியா குறி தவறாத இளைஞர் ஸ்டோனாகவும் நடித்த அப்படத்தில், வில்சன் செய்த வேலையின் சாயல் வாலஸ் என்னும் கணக்கர் பாத்திரத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் கையிலும் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. கானரிக்கு இப்படம் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

படத்தை வாங்கும் வணிகம்

டேவிட் வார்டும் ஜான் வுட்ஸும் 1983-இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஓஷன் என்று பெயர் பெற்றது. எண்பதுகளின் பிரிட்டிஷ் விளையாட்டுச் சந்தையில் கடைத்தட்டில் கிடக்கும் கேசட்டின் தரத்தை வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க வழியில்லை. எனவே அட்டையில் இருக்கும் படமும் பெயருமே விற்பனையைத் தீர்மானித்தன. திரைப்பட நிறுவனத்துக்கு உரிமக் கட்டணம் கொடுத்துவிட்டால், படத்துக்குச் செய்யப்பட்ட விளம்பரம் முழுவதும் விளையாட்டுக்கும் சேர்ந்தே கிடைத்துவிடும் என்பதை ஓஷன் மற்றவர்களைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டது. ‘ராம்போ’, ‘டாப் கன்’, ‘பிளாட்டூன்’ என்று வளர்ந்த அப்பட்டியலில் 1988-இல் வந்த ‘ரோபோகாப்’ மாபெரும் வெற்றியாக அமைந்தது. நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்கான உரிமையை ஜப்பானின் டேட்டா ஈஸ்ட் நிறுவனத்துக்கு ஓஷனே கைமாற்றிக் கொடுக்கும் அளவுக்கு அந்த வணிகத்தில் அது முன்னே நின்றது. நிரலாளர்கள் வேலை பார்த்த இடம் மான்செஸ்டரில் குவேக்கர்களின் வழிபாட்டு மண்டபத்துக்கு அடியிலிருந்த நிலவறை. வன்முறையை முற்றாக மறுக்கும் ஒரு கிறித்தவ மரபினர் மேலே மௌனமாகப் பிரார்த்தித்துக்கொண்டிருக்க, கீழே இயந்திரத் துப்பாக்கிகளின் ஓசை சோதிக்கப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் எவரும் திட்டமிடாத வேடிக்கை.

ஓஷனுக்கென்று ஒரு வாய்ப்பாடு இருந்தது. படத்தின் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்ல முயலாமல், மக்கள் மனத்தில் தங்கிய ஐந்தாறு காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே புழக்கத்திலிருந்த ஓர் ஆட்ட வகையாக மாற்றுவதே அது. ‘தி அன்டச்சபிள்ஸ்’ வெளிவந்த அதே ஆண்டில் ஓஷன் கொண்டுவந்த ‘பேட்மேன்: தி மூவி’யில் ரசாயன ஆலைக் காட்சி பக்கவாட்டு ஓட்டமாகவும், வாகனத் துரத்தல் கார் ஆட்டமாகவும், நச்சு கலந்த பொருள்களைக் கண்டறிவது புதிராகவும் அமைந்தது இவ்வழியில்தான். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சில மாதங்களுக்குள், ஒன்றோடொன்று பொருந்தாத ஐந்தாறு வகைக் கணினிகளுக்குத் தனித்தனியே எழுதி முடிக்க வேண்டிய வேலைக்கு இதைவிட உகந்த முறை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வாய்ப்பாட்டுக்கு டி பால்மாவின் படம் கச்சிதமாகப் பொருந்தியதற்குக் காரணம், அப்படமே தனித்தனிப் பெருங்காட்சிகளைக் கோத்துச் செய்த மாலை என்பதுதான். கிடங்குச் சோதனை, கனடா எல்லைப் பாலத்தில் சாராய வண்டிகளை மடக்குதல், ரயில் நிலையப் படிக்கட்டு, கூரைமேல் துரத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் இடம், ஒரு சிக்கல், ஒரு முடிவு உண்டு. விளையாட்டு இவற்றையும் சேர்த்து ஆறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டது. பாலத்தில் தரையில் குப்புறப் படுத்து இருபுறமும் உருண்டபடி எதிரிகளைச் சுடும் இரண்டாம் கட்டம், ஓஷனே வீட்டுக் கணினிக்கு மாற்றி விற்ற ‘கபால்’ என்னும் ஆர்கேட் விளையாட்டின் நெருங்கிய உறவு. சந்துக்குள் சுவரோரம் மறைந்து நின்று எட்டிப் பார்த்துச் சுடும் மூன்றாம் கட்டத்தில் நெஸ் குழுவினர் நால்வரையும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஒருவரின் தெம்பு குறையும்போது அடுத்தவரை முன்னே விடுவதே அதன் சூட்சுமம்.

கிடங்கில் கணக்குப்பிள்ளைகள்

எனினும் விளையாட்டின் உண்மையான அடையாளம் முதல் கட்டமே. கோட்டும் தொப்பியுமாக நெஸ் கிடங்கினுள் ஓடுகிறார். சரக்குப் பெட்டிகளின்மீது தாவுகிறார். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்குகிறார். எதிரே வரும் அடியாட்களைச் சுடுகிறார். ஆனால் அடியாட்களைக் கொன்று குவிப்பதால் மட்டும் கட்டம் முடிவதில்லை. கபோனின் கணக்குப்பிள்ளைகள் கிடங்கில் அங்கங்கே நடமாடுவார்கள். அவர்களைத் தேடிப்பிடித்துச் சுட வேண்டும். சுட்டதும் கீழே விழும் ஆதாரத்தை ஓடிப்போய் எடுக்க வேண்டும். கொடுக்கப்பட்ட நேரம் தீர்வதற்குள் தேவையான எண்ணிக்கை சேர்ந்தாக வேண்டும். திரையின் விளிம்புக்கு அப்பால் இருக்கும் ஒருவரைத் துரத்துவதா, அருகில் நிற்கும் துப்பாக்கிக்காரரை முதலில் கவனிப்பதா என்ற கணநேர முடிவுகளால் ஆன இந்தக் கட்டம், ஆட்டமாகப் பார்த்தால் நன்கு வடிவமைக்கப்பட்டது.

வரலாற்றோடு ஒப்பிட்டால் அது வினோதமானது. கபோன் வீழ்ந்தது பேரேட்டால் என்ற உண்மையை, படத்தின் துப்பாக்கிச் சண்டைகளைத் தாண்டி, விளையாட்டின் விதியே நினைவில் வைத்திருக்கிறது. சுடுவது வழி, கணக்கே இலக்கு என்ற ஏற்பாடு வரலாற்றுக்கு நெருக்கமானதுதான். ஆனால் அந்த இலக்கை அடைய விளையாட்டுக்குத் தெரிந்த ஒரே வினை சுடுவதாக இருப்பதால், பேரேட்டை எழுதிய கையே முதலில் வீழ்த்தப்படுகிறது. சிகாகோ நீதிமன்றத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு: எழுதியவர் யாரென்று தெரியாதவரை அலமாரியில் குப்பையாகக் கிடந்த ஏடு, எழுதியவர் உயிரோடு வந்து சாட்சிக் கூண்டில் நின்ற பிறகே ஆதாரமாயிற்று. ஷம்வேயைக் கபோனின் ஆட்கள் நெருங்கிவிடாதபடி மறைத்து வைப்பதே வில்சனின் பெரும் கவலையாக இருந்தது. நெஸ்ஸின் உருவத்தை ஆட்டிவைக்கும் விளையாட்டுக்காரரோ, கபோன் தரப்பு செய்ய விரும்பியிருக்கக்கூடிய வேலையைத் தாமே செய்து முடித்து மதிப்பெண் பெறுகிறார்.

இந்த முரண் விளையாட்டுக்குள்ளேயே மீண்டும் தலைகாட்டுகிறது. ஐந்தாம் கட்டத்தில், ஓர் அடியாள் கணக்குப்பிள்ளை ஒருவரைப் பிணையாகப் பிடித்து முன்னே நிறுத்தியிருக்க, ஸ்டோன் தம்மிடமுள்ள சில குண்டுகளைக் கொண்டு, பிணையாளிமீது படாமல் அடியாளை மட்டும் சுட வேண்டும். படத்தில் அது சில நொடிகளில் முடிந்துவிடும் அற்புதமான தருணம். அந்தக் கணக்குப்பிள்ளையின் சாட்சியத்தைத்தான் வழக்கு முழுவதும் நம்பியிருக்கிறது என்பதே அத்தருணத்தின் கனம். முதல் கட்டத்தில் பத்திருபது கணக்குப்பிள்ளைகளைச் சாய்த்துவிட்டு வந்த விளையாட்டுக்காரரிடம் இப்போது ஒருவரைக் காப்பாற்றுமாறு கேட்கப்படுகிறது. ஒரே தொழிலைச் செய்பவரின் உயிருக்கு இரண்டு கட்டங்களில் இரண்டு விலை. உருவாக்கியவர்கள் இதைக் கவனித்தார்களோ என்னவோ, ஆடியவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. கட்டத்துக்குக் கட்டம் விதி மாறுவது அக்காலத்து விளையாட்டுகளில் இயல்பானது.

3.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு நகரம்

இவற்றை எல்லாம் இயக்கிய பொறிகளின் வரம்பை அறியாமல் விளையாட்டை மதிப்பிடுவது நியாயமாகாது. பிரிட்டனில் பரவலாக இருந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினி 1982-இல் அறிமுகமானது, 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 48 கிலோபைட் நினைவகமும் கொண்டது. அதன் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 என்று புள்ளிகள். அவற்றைத் தாங்கும் படப்பகுதி 6,144 பைட். திரையை நகர்த்தித் தரும் வன்பொருள் வசதி அதில் கிடையாது என்பதால், பின்னணி பக்கவாட்டில் நகர வேண்டுமானால் செயலியே ஒவ்வொரு பைட்டையும் எடுத்துப் புதிய இடத்தில் எழுதியாக வேண்டும். ஒரு பைட்டை நகர்த்தும் கட்டளைக்கு 16 கடிகாரத் துடிப்புகள் என்று கொண்டால், முழுத் திரைக்கு 98,304 துடிப்புகள் தேவை. தொலைக்காட்சித் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் இடைவெளியில், அதாவது நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில், ஸ்பெக்ட்ரமுக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 70,000. எதிரிகளின் அசைவு, குண்டுகளின் பாதை, ஜாய்ஸ்டிக்கின் சைகை, ஓசை ஆகியவற்றைக் கணக்கிடத் தொடங்கும் முன்பே நேரம் தீர்ந்துவிடும். பல ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் சுற்றிலும் அலங்காரச் சட்டம் போட்டு ஆட்டப் பகுதி சிறிதாக்கப்பட்டதற்குக் கலையுணர்வைவிட இந்தக் கணக்கே காரணம்.

நிறத்திலும் இதே சிக்கல். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் இரண்டு நிறங்கள் மட்டுமே அனுமதி. நெஸ்ஸின் கோட்டு ஒரு பெட்டியைக் கடந்தால் பெட்டியின் நிறம் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். ‘நிற மோதல்’ என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொண்ட இக்குறையைத் தவிர்க்க, நகரும் உருவங்களையும் பின்னணியையும் ஒரே நிறத்தில் வரைந்துவிடுவது வழக்கமாயிற்று. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட பழைய கேங்ஸ்டர் படங்களின் சாயல் அதனால் தற்செயலாகக் கிடைத்தது என்றால் மிகையாகாது.

கொமடோர் 64 இதற்கு நேரெதிர். அதே 1982-இல் வந்த அந்த அமெரிக்கக் கணினியின் காட்சிச் சில்லு, திரை முழுவதையும் ஏழு புள்ளிகள் வரை தானாகவே வழுக்கித் தரும். எட்டாவது புள்ளிக்கு மட்டும் 40-க்கு 25 என்ற அளவில் அமைந்த 1,000 எழுத்துக் கட்டங்களை நிரல் நகர்த்தினால் போதும். பின்னணியைத் தொடாமல் மிதக்கும் எட்டு ‘ஸ்பிரைட்’ உருவங்களையும் அது வன்பொருளிலேயே கொடுத்தது. அலுவலக மேசைகளில் பல மடங்கு விலைக்கு வீற்றிருந்த ஐபிஎம் வகைக் கணினிகளில் வழுவழுப்பான பக்கவாட்டு ஓட்டத்தைக் கொண்டுவருவதே பெரிய சாதனையாகக் கருதப்பட்டு, ஜான் கார்மாக்கின் உத்தியால் 1990-இல் ‘கமாண்டர் கீன்’ வெளிவந்தபோது வியந்து பேசப்பட்டது என்பதை நினைத்தால், விலையும் திறமும் எல்லாக் காலத்திலும் ஒரே திசையில் செல்வதில்லை என்பது புரியும்.

ஆறு கட்டங்களும் 48 கிலோபைட்டுக்குள் ஒருசேர அடங்கா என்பதால், ஒவ்வொரு கட்டமாகக் கேசட்டிலிருந்து ஏற்றும் முறை பின்பற்றப்பட்டது. ஸ்பெக்ட்ரமின் இயல்பான வேகம் நொடிக்குச் சுமார் 1,500 பிட். 40 கிலோபைட் ஏற ஏறக்குறைய மூன்றரை நிமிடம் பிடிக்கும். அதுவரை திரையோரத்தில் வண்ணக்கோடுகள் துள்ள, ஒலிபெருக்கியில் கீச்சிடும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். பாதியில் தோற்றவர் கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றி முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால், தோல்விக்கு விலை நேரமாக இருந்தது. இரண்டு மணி நேரப் படத்தின் விறுவிறுப்பைத் தர முயன்ற விளையாட்டில் காத்திருப்பும் ஒரு பகுதியாயிற்று. அமிகா, அட்டாரி எஸ்டி என்னும் கணினிகளுக்கு வட்டுகளில் வந்த பதிப்புகள் இத்தொல்லையைக் குறைத்தன. 1991-இல் நின்டென்டோவின் பழைய கருவிக்கும் 1994-இல் சூப்பர் நின்டென்டோவுக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சில்லுகளாக வந்த பதிப்புகளில் அது அறவே இல்லை.

படிக்கட்டில் குழந்தை வண்டி

படத்தின் புகழ்பெற்ற காட்சி சிகாகோ யூனியன் ஸ்டேஷன் படிக்கட்டில் நிகழ்வது. கணக்குப்பிள்ளையை ஊரைவிட்டுக் கடத்த வரும் அடியாட்களுக்காக நெஸ் காத்திருக்கும்போது, ஒரு தாய் குழந்தை வண்டியைப் படிப்படியாக மேலே இழுத்து வருகிறாள். சுடத் தொடங்கியதும் வண்டி கைநழுவிப் படிகளில் உருள்கிறது. செர்கேய் ஐசன்ஸ்டைனின் 1925-ஆம் ஆண்டு மௌனப் படமான ‘பேட்டில்ஷிப் பொடெம்கின்’ படத்தில் ஒடெஸ்ஸா படிக்கட்டில் உருளும் வண்டிக்கு டி பால்மா செய்த வெளிப்படையான வணக்கம் அது. ‘மொன்டாஜ்’ எனப்படும் வெட்டி ஒட்டும் முறையில், ஒரு நொடியில் நடப்பதைப் பல கோணங்களாக உடைத்து, மெல்லிய அசைவில் நீட்டி, பார்ப்பவரை மூச்சுத் திணற வைப்பதே அக்காட்சியின் கலை. வண்டியின் சக்கரம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் ஓசைக்கும் நெஸ்ஸின் விரல் விசையைத் தொடுவதற்கும் இடையில் இயக்குநர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டின் நான்காம் கட்டம் இதே படிக்கட்டை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் காட்டுகிறது. திரை இப்போது பக்கவாட்டில் அல்லாமல் மேலும் கீழுமாக ஓடுகிறது; உருளும் வண்டியை அடிபடாமல் கீழே சேர்த்துக்கொண்டே எதிரிகளைச் சுட வேண்டும். ஆடுவதற்கு விறுவிறுப்பான கட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படத்தில் அச்சம் பிறந்தது, பார்ப்பவரால் எதுவும் செய்ய முடியாது என்ற இயலாமையிலிருந்து. விளையாட்டில் வண்டி ஆடுபவர் கையிலேயே இருக்கிறது. நேரத்தை நீட்டும் அதிகாரம் இயக்குநரிடமிருந்து பறிபோனதும், அச்சம் இருந்த இடத்தில் கைத்திறன் வந்து அமர்கிறது. குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற தவிப்பு, இன்னும் எத்தனை இடி வண்டி தாங்கும் என்ற கணக்காக மாறுகிறது. இவ்விழப்புக்கு நிரலாளர்களைக் குறை சொல்வதற்கில்லை; இதைவிடப் பல மடங்கு வலிமையுள்ள கணினிகளிலும் மொன்டாஜை விளையாடுபவரின் கையில் கொடுக்கும் வழி எளிதில் அகப்படவில்லை.

கடைசிக் கட்டம் கூரைமேல் நெஸ்ஸுக்கும் கபோனின் அடியாள் ஃபிராங்க் நிட்டிக்கும் இடையிலான சண்டை. படத்தில் நெஸ் நிட்டியைக் கூரையிலிருந்து தள்ளிவிடுகிறார். உண்மையான நிட்டியோ கபோனுக்குப் பின் கும்பலின் தலைமைப் பொறுப்பில் இருந்து, 1943-இல்தான் தற்கொலை செய்துகொண்டார். இதில் குறிப்பிடத்தக்கது, கபோன் எந்தக் கட்டத்திலும் எதிரே வந்து நிற்பதில்லை என்பது. டி நீரோவின் உடலும் குரலும் நிறைத்திருந்த இடம் விளையாட்டில் வெற்றிடம். நாற்காலியில் அமர்ந்து, நாளிதழ்க்காரர்களிடம் சிரித்துப் பேசி, பெரும்பாலும் பிறர் கையாலேயே ஆட்களைச் சாகடிக்கும் ஒரு மனிதரைக் காட்ட ஓடு, தாவு, சுடு என்ற இலக்கணத்தில் சொல் இல்லை.

தாதாவின் பக்கம் நின்றால்

‘தி அன்டச்சபிள்ஸ்’ ஒரு வகையில் தப்பித்துக்கொண்டது. அதன் நாயகர் காவல் தரப்பைச் சேர்ந்தவர். கேங்ஸ்டர் படத்தின் மூல மரபில் நாயகனே தாதா. 1931-இல் ‘லிட்டில் சீசர்’, ‘தி பப்ளிக் எனிமி’, 1932-இல் ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ஸ்கார்ஃபேஸ்’ ஆகிய மூன்றும் வகுத்த வடிவத்தில், அடிமட்டத்திலிருந்து எழும் ஒருவன் உச்சிக்குச் சென்று, அந்த எழுச்சியின் காரணத்தாலேயே வீழ்கிறான். எழுச்சியை விளையாட்டாக்குவது எளிது. வீழ்ச்சிதான் சிக்கல்: வென்றவரைத் தோற்கடித்து முடிக்கும் ஆட்டத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அமெரிக்காவின் சினிமாவேர் நிறுவனம் 1986-இல் மேக்கின்டாஷ் கணினிக்கு வெளியிட்ட ‘தி கிங் ஆஃப் சிகாகோ’ வேறொரு வழியில் முயன்றது. கபோன் சிறை சென்ற பின் நகரத்தைக் கைப்பற்ற முயலும் பிங்கி கலஹன் என்னும் இளைஞனாக விளையாடுபவரை நிறுத்தி, ஓட்டத்தையும் தாவலையும் குறைத்து, யாரிடம் என்ன சொல்வது, யாரை நம்புவது என்ற தேர்வுகளால் கதையைக் கிளை பிரியச் செய்தது. கேங்ஸ்டர் படத்தின் உயிர் பேச்சில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட விளையாட்டு அது. ஆனால் அதற்கு எந்தப் படத்தின் உரிமமும் இல்லை.

உரிமம் இருந்தவர்கள் துப்பாக்கியையே எடுத்தார்கள். பர்மிங்ஹாமைச் சேர்ந்த யு.எஸ். கோல்ட் நிறுவனம் 1991-இல் ‘தி காட்ஃபாதர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது, பக்கவாட்டில் நகரும் தெருக்களில் நடந்து எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 1972-ஆம் ஆண்டுப் படத்தில் துப்பாக்கி வெடிக்கும் நிமிடங்கள் குறைவு. இருண்ட அறையில் ஒருவர் காதில் இன்னொருவர் கிசுகிசுக்கும் நிமிடங்களே மிகுதி. டி பால்மாவின் படத்தைப் போல அது இடங்களாகப் பிரியாது; மைக்கேல் கோர்லியோனி கதவுக்குப் பின்னால் மறையும் இறுதிக் காட்சியை வலப்புறமாக ஓடிச் சென்று அடைய முடியாது. ஆகவே அந்த விளையாட்டில் கோர்லியோனி என்ற பெயர் அட்டைக்குப் பயன்பட்ட அளவு ஆட்டத்துக்குப் பயன்படவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் டிஎம்ஏ டிசைன் உருவாக்கிய ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ விளையாடுபவரை வெளிப்படையாகவே குற்றவாளியாக்கியது. 2001-இல் அதன் மூன்றாம் பாகம் முப்பரிமாண நகரத்தைத் திறந்துவிட்டபோது பக்கவாட்டு ஓட்டம் இவ்வகையிலிருந்து விடைபெற்றது. செக் நாட்டின் பிர்னோ நகரில் உருவாகி 2002-இல் வந்த ‘மாஃபியா’, டாமி ஏஞ்சலோ என்னும் டாக்ஸி ஓட்டுநரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பழைய படங்களின் மரபு வழுவாமல் சொல்லி, இறுதியில் அவரைக் கொல்லவும் செய்தது. ஆனால் அந்தக் காட்சி ஓடும்போது விளையாடுபவரின் விசைப்பலகைக்கு வேலையில்லை. சுடும்வரை அவர் ஆடுகிறார், சுடப்படும்போது பார்க்க மட்டுமே செய்கிறார்.

‘தி அன்டச்சபிள்ஸ்’ படத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1983-இல், டி பால்மா அல் பசினோவை வைத்து ‘ஸ்கார்ஃபேஸ்’ கதையை மீண்டும் எடுத்திருந்தார். தன் மாளிகையின் மாடியில் நின்று சுட்டுக்கொண்டே சாகும் டோனி மோன்டானாவோடு அது முடியும். அப்படத்திலிருந்து 2006-இல் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்: தி வேர்ல்டு இஸ் யுவர்ஸ்’ என்னும் விளையாட்டு தொடங்குவதே அந்த மாளிகைச் சண்டையில்தான், ஒரு மாற்றத்தோடு: மோன்டானா அங்கே சாவதில்லை.